டயலில் இல்லாத பெயர்கள்: பாக்கெட் கடிகாரமும் பனியன் ஊரும்

பழைய பாக்கெட் கடிகாரங்களைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி சேகரிப்பாளர்களும் ஏலக் கம்பெனிகளும் எழுதியது. அதற்கென்று ஒரு மொழி உருவாகியிருக்கிறது. முதலில் பின்மூடியைத் திறந்து காட்டுவார்கள். உள்ளே மின்னும் பித்தளைத் தகடு, சிவப்புக் கல், தீயில் காட்டி நீலமாக்கிய திருகு என்று ஒவ்வொன்றாக வர்ணிப்பார்கள். டயலில் உள்ள பெயரைப் பக்தியோடு உச்சரிப்பார்கள். 'கைவினை மேதைமை', 'இனி வராத காலம்' என்று முடிப்பார்கள். கல்வெட்டில் இருக்கும் அரசன் பெயரை வாசித்துவிட்டு, கோயிலைக் கட்டியவன் அவனே என்று நம் கலை வரலாற்றுக்காரர்கள் முடிப்பதில்லையா, அதே முறைதான்.

இந்த மொழியைத் திருப்பூரில் நின்றுகொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பது இங்கே யோசனை. திருப்பூர் கடிகாரம் செய்த ஊரல்ல. பனியன் செய்கிற ஊர். ஆனால் ஒரு பொருள் எப்படி நூறு கைகளுக்குள் பிரிந்துபோய், அந்தக் கைகளில் எதனுடைய பெயரும் ஒட்டாமல், கடைசியில் ஒற்றைப் பெயரில் வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்த ஊர்க்காரர்கள் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. கழுத்துக்குப் பின்னால் லேபிள் வைத்துத் தைக்கிற ஆளுக்கு, லேபிளில் இருக்கிற கம்பெனி ஒரு பனியனைக்கூடத் தைத்ததில்லை என்பது தெரியும். அந்த அறிவோடு பார்த்தால் டயல் வேறு மாதிரித் தெரிகிறது.

நம் பக்கத்திலிருந்தே தொடங்குவோம். சென்னை மவுண்ட் ரோட்டில் இருக்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய கடை. தென்னிந்தியப் பழைய குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளிலிருந்து வெளிவரும் பாக்கெட் கடிகாரங்கள் பலவற்றில் இந்தப் பெயரும் கீழே 'மெட்ராஸ்' என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். "தாத்தாவோட கடியாரம், மெட்ராஸ்ல செஞ்சது" என்று பேரன்கள் பெருமைப்படுவார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இங்கிலாந்திலோ சுவிட்சர்லாந்திலோ ஆன எந்திரம். விற்கிற கடைக்காரரின் பெயரை டயலில் எழுதித் தருவது அன்றைய வியாபார வழக்கம். இதில் மோசடி எதுவும் இல்லை. பனியன் லேபிளில் மோசடி இல்லாதது போலவே.

சரி, இங்கிலாந்துக்குப் போனால் செய்தவன் பெயர் கிடைக்குமா? அங்கேயும் கிடைக்காது. 'லண்டன்' என்று பொறித்த கடிகாரங்களில் ஏராளமானவற்றின் கச்சா எந்திரம் லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற சிற்றூரிலும் சுற்றுப்பட்ட கிராமங்களிலும் வீட்டோடு ஒட்டிய பட்டறைகளில் ஆனது. ஒரு வீட்டில் பல்சக்கரம் மட்டும் அறுப்பார்கள். இன்னொரு வீட்டில் ஊசி அளவு இருசு மட்டும் கடைவார்கள். தலைமுறை தலைமுறையாக அதே ஒரு துண்டு. இவை ஓரிடத்தில் சேர்ந்து, லண்டன் கிளார்கன்வெல்லுக்கோ காவெண்ட்ரிக்கோ போய், அங்கே இன்னும் பல கைகளில் மெருகேறி, கடைசியில் கடைக்காரனிடம் வரும். அவன் செய்வது பெயர் பொறிப்பது. அந்தப் பெயரைத்தான் சேகரிப்பாளர் இன்று 'கலைஞன்' என்கிறார்.

மார்க்ஸ் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். 'மூலதனம்' முதல் தொகுதியில், பட்டறை உற்பத்தியைப் பற்றிய 14ஆம் அத்தியாயத்தில், கடிகாரம்தான் அவருக்கு முதன்மையான உதாரணம். முன்பு நியூரம்பர்க் கைவினைஞன் ஒருவன் முழுசாகச் செய்துவந்த பொருள் எப்படி எண்ணற்ற துண்டுத் தொழிலாளிகளின் கூட்டுப் பொருளாக மாறியது என்று சொல்லிவிட்டு, வில் செய்பவன், டயல் செய்பவன், முள் செய்பவன், திருகு செய்பவன், கல்லில் துளை போடுபவன், தங்க முலாம் பூசுபவன் என்று ஒரு நீண்ட பட்டியல் போடுகிறார். வேண்டுமென்றே நீட்டி, வாசகனுக்கு மூச்சு வாங்க வைக்கிற பட்டியல். அடிக்குறிப்பில் சுவிட்சர்லாந்தின் லா ஷோ தெ ஃபோன் என்ற ஊர் வருகிறது. ஜெனீவா 1854இல் 80,000 கடிகாரங்கள் செய்தது என்றும், இந்த ஒரு ஊர் மட்டும் அதைப் போல் இரண்டு மடங்கு செய்கிறது என்றும், ஊர் முழுவதையுமே ஒரே பெரிய கடிகாரப் பட்டறையாகக் கொள்ளலாம் என்றும் எழுதுகிறார்.

ஊர் முழுவதும் ஒரே பட்டறை. இதை வாசிக்கும் திருப்பூர்க்காரர் யாருக்கும் சிரிப்பு வரும். நூல் வெளியூர் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு இடம். சாயம் வேறு இடம். ஸ்டீம் காலண்டரிங், காம்பாக்டிங் இன்னொரு இடம். கட்டிங் முடிந்த துணி பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போய்த் திரும்பும். பிறகு பவர் டேபிள்; ஓவர்லாக் அடிக்க ஒருவர், பேட்லாக் அடிக்க ஒருவர், அவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கக் கைமடி ஒருவர். பிசிறு வெட்ட, செக்கிங் பார்க்க, அயர்ன் போட, பெட்டி கட்ட என்று ஆள் தனித்தனி, கூலி தனித்தனி, பல நேரங்களில் முதலாளியும் தனித்தனி. தெருவில் ஓடும் சின்ன யானை வண்டிகள்தாம் இந்தப் பட்டறையின் கன்வேயர் பெல்ட். 1925இல் குலாம் காதர் தொடங்கியதாகச் சொல்லப்படும் முதல் பனியன் கம்பெனியிலிருந்து ஊர் இங்கே வந்து சேர்ந்தது ஒரே நாளில் அல்ல. 1984இல் பஞ்சப்படிக்காக நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஏற்றுமதி வளர வளர, வேலை சிறுசிறு யூனிட்டுகளாகச் சிதறியதும் இந்தக் கதையில் ஒரு முக்கியமான திருப்பம்.

ஏன் சிதற வேண்டும்? அதே பக்கங்களில் மார்க்ஸ் காரணம் சொல்கிறார். கடிகாரத் தொழிலில் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது முதலாளிக்கு லாபமில்லை. வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குள் போட்டி கடுமை. கட்டடச் செலவு மிச்சம். திருப்பூரில் ஜாப் ஒர்க் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அவர் இன்னொன்றும் சேர்க்கிறார்: வீட்டிலிருந்தபடியே ஒரு முதலாளிக்காகத் துண்டு வேலை செய்பவனை, தன் சொந்த வாடிக்கையாளருக்குச் செய்யும் சுதந்திரக் கைவினைஞனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் சேகரிப்பாளர்கள் செய்வது சரியாக இந்தக் குழப்பத்தைத்தான். வீட்டில், கையால், சின்ன அரத்தால் செய்தது என்றவுடன் அது 'கைவினை' ஆகிவிடுகிறது. கூலி எவ்வளவு, யாருக்கு என்ற கேள்வி போய்விடுகிறது.

ஒரே ஒரு உறுப்பை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். பழைய ஆங்கிலக் கடிகாரங்களுக்குள் ஃப்யூசி என்று கூம்பு வடிவத்தில் ஒரு உருளை இருக்கும். சாவி கொடுத்தவுடன் வில் முழு வேகத்தில் இழுக்கும்; நேரம் ஆக ஆகத் தளரும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வதற்கு வில்லுக்கும் கூம்புக்கும் இடையே ஒரு சங்கிலி. வில் பலமாக இருக்கும்போது கூம்பின் குறுகிய நுனியிலும், தளரும்போது அகன்ற அடியிலும் சங்கிலி இழுப்பதால் விசை ஒரே சீராகிறது. அழகான யோசனை, மறுப்பதற்கில்லை. ஏலப் பட்டியல்களில் 'ஃப்யூசியும் சங்கிலியும் சேதமின்றி உள்ளது' என்று எழுதினால் விலை கூடும். சைக்கிள் செயினை எறும்பு அளவுக்குச் சுருக்கியது போன்ற சங்கிலி அது. நூற்றுக்கணக்கான இணைப்புகள், ஒவ்வொன்றுக்கும் மயிரளவு ஆணி.

அந்தச் சங்கிலியைச் செய்தவர்கள் யார்? இங்கிலாந்தின் தென் கடற்கரையில் கிரைஸ்ட்சர்ச் என்ற ஊரில் 1790இல் ராபர்ட் ஹார்வி காக்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு தொழிற்கூடம் தொடங்கினார். ஏழைகள் விடுதியிலிருந்து சிறுமிகளை எடுத்துக்கொண்டார். சின்ன விரல், கூர்மையான கண், குறைந்த கூலி. பின்னாளில் அந்த வட்டாரத்துப் பெண்களுக்கு அது வீட்டு வேலையாகவும் பரவியது. கண் போனது. 'சேதமின்றி உள்ளது' என்பது சங்கிலியைப் பற்றி மட்டும்தான்.

1980களிலும் 90களிலும் திருப்பூரைப் பார்த்தவர்களுக்குக் கைமடிப் பிள்ளைகளை நினைவிருக்கும். டெய்லரின் தையல் எந்திரத்துக்கு எதிரில் நின்று, துணியை மடித்துக் கொடுத்து, தைத்ததை இழுத்து, நூலை வெட்டி, இரவு எட்டரைக்கும் ஒன்பதுக்கும் கண் சொருகச் சொருக நிற்பார்கள். சின்னக் கை இருந்தால் வேலை ஓடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிரைஸ்ட்சர்ச்சிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். இரண்டையும் அருகருகே வைப்பது கண்ணீருக்காக அல்ல. நுட்பமான பொருள் என்றால் நுட்பமான கலைஞன் செய்தது என்று ஒரு சமன்பாடு நம் மனதில் இருக்கிறதே, அது எங்கே உடைகிறது என்று காட்டுவதற்காக. பொருளின் நுட்பத்துக்குக் காரணம் சில நேரங்களில் செய்தவரின் வயது.

பெயர் முற்றிலும் அழிந்துவிடவும் இல்லை, இதையும் சொல்ல வேண்டும். பழைய கடிகாரத்தின் பின்மூடியை உட்புறமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஊசியால் கீறிய சின்னச் சின்னக் குறிகள் தெரியும். ரிப்பேர் செய்தவர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட குறி: ஒரு எண், ஒரு தேதி, சில சமயம் இரண்டு எழுத்து. டயல் பொதுமக்களுக்கு; இது அடுத்த ரிப்பேர்காரனுக்கு. இப்படிக் கீறல்கள் இருந்தால் ஏலத்தில் விலை குறையும் என்பது தனி வேடிக்கை. திருப்பூர்ப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "அதெல்லாம் எங்காளுக பேசிக்கறதுங்க. முன்ன தொட்டவன் என்ன பண்ணீருக்கான்னு தெரியோணுமில்லீங்க. இப்ப பார்ட்ஸ் ஏதுங்க? இன்னொரு கடியாரத்தக் கொன்னாத்தான் இதப் பொழைக்க வெக்க முடியும்." பனியனிலும் குறி உண்டு. கட்டிங் பண்டிலோடு போகும் சீட்டில் எந்த ஆபரேட்டர் எந்த இடத்தைத் தைத்தார் என்று எண் இருக்கும். தையல் பிசகினால் யாரைக் கூப்பிடுவது என்பதற்காக. பாராட்டுக்குப் பெயர் அழிந்து, தண்டனைக்கு எண் மட்டும் மிஞ்சுகிறது. ரிப்பேர்காரன் கீறலும் இந்த எண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் இரண்டு மொழி.

இதுவரை சொன்னதை வைத்து, அன்றைய ஜுரா மலைப் பட்டறையும் இன்றைய திருப்பூரும் ஒன்றே என்று முடித்துவிட்டால் வசதியாக இருக்கும். அது நடக்காது. காரணம், அந்த மலைக் கடிகாரத் தொழிலாளிகள் வேறொன்றும் செய்தார்கள். 1872 செப்டம்பரில் ஸான் இமியே என்ற அவர்களது சின்ன ஊரில்தான், அகிலத்திலிருந்து பிரிந்த அதிகார எதிர்ப்பாளர்களின் மாநாடு நடந்தது. பக்கூனின் அங்கே வந்தார். அதே ஆண்டு அந்தப் பக்கம் போன குரோபோட்கின், கடிகாரத் தொழிலாளிகளோடு சில நாட்கள் தங்கிவிட்டுத் திரும்பும்போது தான் அராஜகவாதியாகிவிட்டதாகத் தன் வரலாற்றில் எழுதுகிறார். அவர் சொல்லும் காரணம் கவனிக்க வேண்டியது: சின்னப் பட்டறைகளில் கொஞ்சம் பேராகச் சேர்ந்து வேலை செய்ததால் அவர்களால் நாள் முழுக்கப் பேச முடிந்தது, மேஸ்திரி தலைக்கு மேல் நிற்கவில்லை, ஆகவே சுயமாக யோசித்தார்கள்.

அப்படியானால் ஆயிரக்கணக்கான சின்னப் பட்டறைகள் உள்ள திருப்பூரில் ஏன் ஒரு ஸான் இமியே வரவில்லை? இந்தக் கேள்வியை நம் மார்க்சிய நண்பர்கள் கேட்டுக்கொள்வதே இல்லை. 'வர்க்க உணர்வு போதாது' என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஷரத் சாரி 'ஃபிரட்டர்னல் கேபிட்டல்' (2004) என்ற நூலில் இதற்கு அருகில் வருகிறார். திருப்பூரின் சிறு முதலாளிகளில் பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து, எந்திரத்தில் உட்கார்ந்து, பிறகு முதலாளி ஆன கவுண்டர்கள். 'உழைச்சு வந்தோமுங்க' என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. அந்தக் கதை பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குள் நுழையக் கதவு ஒன்றுதான், அந்தக் கதவுக்குச் சாதியும் ஆண் என்ற அடையாளமும் சாவி. பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நாளை மாமனாகவோ பங்காளியாகவோ பார்ட்னராகவோ ஆகக்கூடியவன் என்றால் பேச்சு ஒரு திசையில் போகும். அருந்ததியர் இளைஞனுக்கும், பிசிறு வெட்டும் பெண்ணுக்கும், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவனுக்கும் அந்தப் பேச்சில் இடமில்லை. குரோபோட்கின் கண்ட சின்னப் பட்டறையின் சுதந்திரம் இங்கே உறவுமுறையாக மாறிவிட்டது எனலாம். உற்பத்தி முறை ஒன்றாக இருந்தும் அரசியல் வேறாகிப்போவதற்கு இடையில் நிற்பது சாதி. இதைப் பேசாமல் கடிகாரத் தொழில் வரலாற்றையோ பனியன் தொழில் வரலாற்றையோ 'கைவினையிலிருந்து எந்திரத்துக்கு' என்று நேர்கோட்டில் எழுதுவது வீண்.

இனி கடிகாரத்தின் மறுபக்கம். கூலிக்காரர்களின் துண்டு உழைப்பால் ஆன பொருள், கூலிக்காரர்களின் நேரத்தை அளக்கும் கருவியாக ஆனது. இதைப் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஈ.பி. தாம்ப்சனின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரை: காலம், வேலைக் கட்டுப்பாடு, தொழில் முதலாளியம் ஆகியவற்றைப் பற்றியது. கடிகாரத்தை வைத்திருந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய அளவுக்கு அதைச் செய்தவர்களைப் பற்றி எழுதவில்லை என்பது என் குறை. ஆனால் அதில் மறக்க முடியாத ஒரு சான்று உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து மில்களில் காலையில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பார்களாம்; மாலையில் பின்னே இழுத்து விடுவார்களாம். தொழிலாளிகளுக்குத் தெரிந்தாலும் பேசப் பயம். சட்டைப்பையில் கடிகாரம் கொண்டுபோகவே பயம். மணி பற்றி அதிகம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கினால் வேலை போய்விடும்.

பாக்கெட் கடிகாரம் அழகுப் பொருள், அந்தஸ்துப் பொருள் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அதிர்ச்சி தரும். அது ஒரு சாட்சி. மில் சுவரில் இருக்கும் கடிகாரம் பொய் சொல்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி தொழிலாளியின் சட்டைப்பையில் இருந்தது. 1867இல் ரோஸ்கோஃப் என்பவர் உறுப்புகளைக் குறைத்து 57இல் முடித்து, 20 பிராங்கில் ஒரு கடிகாரம் கொண்டுவந்து அதற்குப் 'பாட்டாளி' என்றே பெயர் வைத்தார். ('மூலதனம்' முதல் தொகுதி வெளிவந்ததும் அதே ஆண்டு.) 1896இல் அமெரிக்காவில் இங்கர்சால் கம்பெனி ஒரு டாலருக்கே விற்றது. சேகரிப்பாளர்கள் இவற்றை மட்டமான சரக்கு என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தத் தங்க மூடிக் கடிகாரங்களைவிட இவையே முக்கியமாகப் படுகின்றன.

நம் ஊருக்கு மணி ரயிலில் வந்தது. 1860களில் இந்தப் பக்கம் தண்டவாளம் போட்டபின், ரயில் எந்தக் கணக்கில் வரும் என்ற கேள்வி வந்தது. சூரியனை வைத்துப் பார்த்தால் திருப்பூருக்கும் சென்னைக்கும் சுமார் 12 நிமிட வித்தியாசம். 1792இல் அமைந்த சென்னை வானோக்கு நிலையத்தின் நேரமே பின்னாளில் ரயில்களுக்குப் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் அதுவும் போய் இந்தியத் திட்ட நேரம் வந்தது. கடிகாரம் இன்னும் 9 நிமிடம் முன்னே போனது. அந்த மாதமே பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளிகள் இந்தப் புது நேரத்துக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். விடியலுக்கு முன்பே எழுப்பும் தந்திரம் என்று அவர்கள் புரிந்துகொண்டதில் தவறில்லை. ரயில்வேக்காரர்களும் சிப்பாய்களும் வைத்திருந்த கடிகாரங்களில் புகழ்பெற்றது வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனியுடையது. 1880களில் பம்பாயில் தொடங்கியது. சரக்கு சுவிட்சர்லாந்தில் அதே ஸான் இமியே வட்டாரத்திலிருந்து. அராஜகவாதிகளின் பள்ளத்தாக்கில் செய்த எந்திரம் பிரிட்டிஷ் இந்திய ரயில் கார்டின் சட்டைப்பையில் ஒழுங்கைக் காத்தது! வரலாறு செய்யும் நக்கலுக்கு அளவில்லை.

அதற்கு முன் நமக்கு நேரமே தெரியாது என்பதும் சரியல்ல. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. கிணற்றுத் தண்ணீரில் பங்காளிகளுக்குள் முறை வைத்து இறைத்த ஊரில் நேரத்துக்குத் தகராறு வெட்டுக்குத்து வரை போயிருக்கிறது. கணக்கு இருந்தது. அந்த நேரம் தண்ணீருக்கானது, ஆளை வாங்குவதற்கானது அல்ல.

காந்தி விஷயம் இங்கே குறுக்கே வருகிறது. திருப்பூர் பனியனுக்கு முன் கதர் ஊர். அகில இந்தியச் சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கேதான் இருந்தது. எந்திரத்துக்கு எதிராகக் கைராட்டையைக் கொடுத்த மனிதர் இடுப்பில் பாக்கெட் கடிகாரத்தைத் தொங்கவிட்டிருந்தார். அவரது ஸெனித் கடிகாரம் 2009 மார்ச்சில் நியூயார்க்கில் கண்ணாடி, செருப்புடன் சேர்ந்து 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எடுத்தவர் விஜய் மல்லையா. கைவினைக்கும் எந்திரத்துக்கும் நடுவில் நாம் போட்டு வைத்திருக்கும் கோடு காந்தியின் இடுப்பிலேயே அறுந்துபோயிருந்தது என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

பாக்கெட் கடிகாரத்தின் கடைசி வாரிசு ஸ்டாப் வாட்ச். உருவம் அதே வட்டம், உள்ளங்கையில் அடங்கும் அதே அளவு. டெய்லர் அதை எடுத்துக்கொண்டு 1880களில் இரும்பாலைத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் அளக்கத் தொடங்கினார். 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் ஸ்டாப் வாட்சை எதிர்த்தே வேலைநிறுத்தம் நடந்தது; பின்னர் அரசுத் தளவாடச் சாலைகளில் அதைப் பயன்படுத்துவதை அமெரிக்கக் காங்கிரஸ் தடுத்தது. திருப்பூரின் பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளில் இப்போது இது சாதாரணம். தோள் இணைப்புக்கு இத்தனை நொடி, கழுத்துப் பட்டிக்கு இத்தனை நொடி என்று அளந்து, எஸ்.ஏ.எம். என்ற மூன்றெழுத்தில் கணக்குப் போட்டு, லைனுக்கு மேலே போர்டில் மணிக்கு இத்தனை பீஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பையருக்கு விலை சொல்வதும் அந்த நொடிக் கணக்கிலிருந்தே.

ஆனால் ஊரின் அடிநாதம் இன்னும் ஷிப்டுதான். இந்தச் சொல்லை அகராதியில் தேடினால் கிடைக்காது. திருப்பூரில் அது நேரமும் கூலியும் சேர்ந்த ஒரே அலகு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. பன்னிரண்டு மணி நேரம் ஒண்ணரை ஷிப்டு. "வெடியால எட்டரைக்கு உள்ள போனா ஒண்ணர ஷிப்டு முடிச்சு ராத்திரிதானுங்க வெளிய வாரது. மணியெல்லாம் பாக்கறதில்லீங்க. மொதல் டீ, சாப்பாடு, ரெண்டாவது டீ, அப்பறம் ஷிப்மெண்ட்டுன்னா விடிய விடிய" என்றார் ஓவர்லாக் ஓட்டும் ஒரு பெண். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி என்று எழுதியது. ஒண்ணரை ஷிப்டு என்ற எளிய பின்னம் அந்த இரட்டிப்பை விழுங்கிவிடுகிறது: ஒண்ணரை மடங்கு நேரம், ஒண்ணரை மடங்கு கூலி, கணக்கு நேர். சட்டத்தை மீறுவதற்கு முள்ளைத் திருப்ப வேண்டியதில்லை, ஒரு சொல் போதும். டண்டி முதலாளிகளுக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் சுவர்க் கடிகாரத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலை நாளுக்கு வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. நல்லது. திருப்பூரில் பலர், அந்தத் திருத்தம் வருவதற்கு முன்பும் போன பின்பும் ஒண்ணரை ஷிப்டுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லா ஷோ தெ ஃபோனும் பக்கத்து ஊரான லெ லோக்லும் 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. கடிகாரத் தொழிலுக்காகவே திட்டமிட்டுக் கட்டிய ஊர்கள், வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னல்கள் என்று விவரிக்கிறார்கள். (திருப்பூர் தனி மாவட்டம் ஆனதும் 2009இல்தான்.) ஒருநாள் திருப்பூருக்கும் பனியன் அருங்காட்சியகம் வரலாம். பழைய நிட்டிங் எந்திரம் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பார்கள். முதல் ஏற்றுமதி ஆர்டரைக் கண்ணாடிச் சட்டத்தில் போடுவார்கள். உழைத்து உயர்ந்தவர்களின் படங்கள் இருக்கும். டயலில் பெயர் எழுதும் வேலை அங்கேயும் நடக்கும்.

அங்கே வர வாய்ப்பில்லாத ஒரு பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுற்றுவட்டாரத்து நூற்பாலை விடுதிகளில் பெண்களுக்குச் செல்போன் மறுக்கப்படுவதையும் அதற்குக் கட்டுப்பாடு இருப்பதையும் 2011க்குப் பிறகு வெளிவந்த பல ஆய்வறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. இன்றைக்கு செல்போன்தானே பாக்கெட் கடிகாரம். அதை வாசலில் வாங்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு டண்டி நகரத்துக் காரணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பலர் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார்கள், இரண்டு மூன்று ரூபாய் நோட்டு, இடுப்பில் செருகியோ டிபன் பையில் போட்டோ. திங்கள் 1½, செவ்வாய் 1½, புதன் 1, வியாழன் 2 என்று பென்சிலில் எழுதியிருக்கும். அவர்களே எழுதியது. சனிக்கிழமை சாயந்தரம் சூப்பர்வைசர் கணக்கு ஒன்று சொல்வார். இவர்கள் நோட்டைப் பிரிப்பார்கள்.